ஐந்தாவது சக்கரம்

மோட்டார்க் காரில் ஓர் உபரிச் சக்கரம் இருந்தே தீரவேண்டுமா என்ற கேள்வி, மேலெழுந்தவாரியாகப் பார்ப்பவர்களுக்கு, பத்திரிகையில் விவாதிக்கத் தக்க விஷயமாகத் தோன்றாது. அது கார் வைத்திருப்பவர்களின் கவலை, அவர்களும் மெக்கானிக்கும் பார்த்துக்கொள்வார்கள் என்று சொல்லி அப்பால் போய்விடலாம். ஆனால் 2020-ம் வருஷம் ஜூலை மாதத்தில் மத்திய சர்க்காரின் சாலைப் போக்குவரத்து இலாகா வெளியிட்ட ஓர் அறிவிப்பு இதைப் பொது விஷயமாக ஆக்கிவிட்டது. ஓட்டுபவரைத் தவிர எட்டுப் பேருக்கு மேல் ஏற்றாததும், மொத்த எடை 3.5 டன்னுக்கு மேற்படாததுமான காரில் டியூப்லெஸ் டயரும், டயரில் காற்றுக் குறைந்தால் ஓட்டுபவருக்கு அறிவிக்கும் கருவியும், பஞ்சரை அடைக்கும் சாமான்களும் இருக்குமானால், ஸ்டெப்னி கொடுக்கவேண்டிய கடமை கம்பெனிக்கு இல்லை என்று மோட்டார் வாகன விதிகள் அப்பொழுது திருத்தப்பட்டன. அதுமுதல், நான்கு சக்கரத்துடன் மட்டுமே விற்பனைக்கு வரும் கார்கள் பெருகி வருகின்றன. பட்டணத்துச் சாலைகளில் மட்டுமல்ல, ஏரல் கடைத்தெருவிலும் அவற்றை இன்று காணலாம்.

இந்த அறிவிப்பைப் பற்றி ஜனங்களிடையே இருவிதமான தப்பபிப்பிராயங்கள் பரவியிருக்கின்றன. ஸ்டெப்னி வைத்திருப்பதே இனிமேல் விதிக்கு விரோதம் என்று சிலர் எண்ணுகிறார்கள். சர்க்காரே வேண்டாம் என்று சொல்லிவிட்டபடியால் அது அவசியமற்ற சுமை என்பது நிரூபணமாகிவிட்டது என்று வேறு சிலர் எண்ணுகிறார்கள். இரண்டும் பிசகு. சட்டத்தில் அனுமதி வேறு, கட்டளை வேறு. கம்பெனி ஸ்டெப்னி கொடுக்காமல் இருக்கலாம் என்று விதி கூறுகிறதே ஒழிய, கொடுக்கக் கூடாது என்றோ, வாங்குபவர் வைத்துக்கொள்ளக் கூடாது என்றோ கூறவில்லை. கம்பெனிக்கு ஒரு கடமையிலிருந்து விடுதலை கிடைத்திருக்கிறது. அவ்வளவுதான். அந்தக் கடமை யார் தலையில் வந்து விழுந்தது என்பதே நாம் யோசிக்கவேண்டிய விஷயம்.

ஸ்டெப்னி என்ற வார்த்தையின் கதையை இங்கே சொல்வது பொருத்தமாக இருக்கும். மோட்டார்க் கார் தோன்றிய காலத்தில் சக்கரத்தைக் கழற்றி மாட்டும் வசதியே கிடையாது. வழியில் டயர் பழுதானால், ரோட்டோரத்தில் உட்கார்ந்து, டயரை நெம்பி எடுத்து, டியூபை ஒட்டி, மறுபடி ஏற்றிக் காற்றடித்தால்தான் பிரயாணத்தைத் தொடரலாம். 1904-ம் வருஷத்தில் வேல்ஸ் நாட்டின் லானெல்லி நகரத்தில் தாமஸ் மோரிஸ் டேவிஸ் என்பவர் இதற்கு ஒரு பரிகாரம் கண்டார். ஆரங்கள் இல்லாத ஒரு வளையத்தில் காற்றடைத்த டயரைப் பூட்டி, பழுதான சக்கரத்தின் பக்கத்திலேயே அதை இறுக்கிவிடலாம் என்று அவர் செய்துகாட்டினார். அவருடைய கடை இருந்த தெருவின் பெயர் ஸ்டெப்னி. தெருவின் பெயர் சாமானுக்கு வந்தது. சாமானின் பெயர் கடல் கடந்து நம் தேசத்துக்கு வந்து, கிராமத்து டிரைவர் வாயிலும் நிலைத்துவிட்டது. இங்கிலாந்தில் பலர் மறந்துபோன அந்தச் சொல் இங்கே நூறு வருஷத்துக்கு மேல் உயிரோடிருப்பதற்குக் காரணம் இல்லாமல் இல்லை. எந்தச் சாமான் அடிக்கடி தேவைப்படுகிறதோ, அதன் பெயரைத்தான் ஜனங்கள் மறக்கமாட்டார்கள்.

நம் தமிழ்நாட்டிலேயே மோட்டார்ப் போக்குவரத்தின் ஆரம்ப காலத்தில் நடந்ததாகச் சொல்லப்படும் ஒரு செய்தியும் நினைவுக்கு வருகிறது. மதுரையில் பஸ் சர்வீஸ் தொடங்கிய டி. வி. சுந்தரம் அய்யங்காருக்குப் பெரிய தொல்லையாக இருந்தது, ரோடெங்கும் சிதறிக் கிடந்த மாட்டு லாட ஆணிகள் என்பார்கள். அந்தக் காலத்தில் சாலையில் ஓடியவை பெரும்பாலும் மாட்டு வண்டிகள். அவர் என்ன செய்தார்? ஆணி குத்தினால் அது பிரயாணியின் தலைவிதி என்று இருந்துவிடவில்லை. காந்தம் பொருத்திய சாதனம் ஒன்றை ஓடவிட்டு, சாலையில் கிடந்த ஆணிகளைப் பொறுக்கச் செய்தார் என்று அந்த நிறுவனத்தின் சரித்திரத்தில் கூறப்படுகிறது. ஜனங்களைச் சாலையில் ஏற்றிச் செல்பவன், சாலையில் நேரக்கூடிய கஷ்டத்துக்கும் தானே வழி பார்க்கவேண்டும் என்ற எண்ணம் இதில் இருக்கிறது. இந்த எண்ணத்தை அளவுகோலாக வைத்துக்கொண்டு 2020-ம் வருஷத்து அறிவிப்பை நாம் பரிசீலிப்போம்.

ஸ்டெப்னி வேண்டாம் என்பவர்களின் வாதங்களை அலட்சியம் செய்வது நியாயமாகாது. அவற்றில் உண்மை இருக்கிறது. முதலாவது, டயரின் தன்மை மாறிவிட்டது. டியூப் உள்ள டயரில் முள் குத்தினால் நொடியில் காற்று இறங்கிவிடும். டியூப்லெஸ் டயரில் ஆணி ஏறினாலும், ஏறிய ஆணியே துவாரத்தை அடைத்துக்கொண்டு நிற்கக் காற்று மெல்ல மெல்லத்தான் கசியும். பத்து இருபது கிலோமீட்டர் ஓட்டிக்கொண்டே போய்ப் பஞ்சர் கடையைச் சேர்ந்துவிடலாம். இரண்டாவது, காற்றழுத்தம் குறைவதை முன்கூட்டியே தெரிவிக்கும் கருவி வந்துவிட்டது. அமெரிக்காவில் 2007-ம் வருஷம் செப்டம்பர் முதல் எல்லாப் புதிய கார்களிலும் இக்கருவி கட்டாயமாக்கப்பட்டது. மூன்றாவது, இடமும் எடையும். மின்சாரக் காரில் பாட்டரி அடிப்பாகத்தை அடைத்துக்கொள்கிறது. காஸ் காரில் சிலிண்டர் பின்பக்கத்தைப் பிடித்துக்கொள்கிறது. பதினைந்து இருபது கிலோ எடையுள்ள சக்கரத்தை எடுத்துவிட்டால் பெட்டி படுக்கைக்கு இடம் கிடைக்கும். சர்க்காரும் அதிக இடம் கிடைக்கும், பெரிய பாட்டரி வைக்கலாம் என்றே இந்தத் திருத்தத்துக்குக் காரணம் கூறியது.

இவ்வளவையும் ஒப்புக்கொண்ட பிறகும், அடிப்படையான ஒரு கேள்வி பாக்கி நிற்கிறது. பஞ்சர் அடைக்கும் சாமான் எதை அடைக்கும்? டயர் ரோட்டில் பதியும் முகப்பில் ஏற்படும் சிறு துவாரத்தை அடைக்கும். நம் பக்கத்து உடைமுள்ளையும், லாரியிலிருந்து விழுந்த திருகாணியையும் அது சமாளிக்கும் என்பதில் சந்தேகமில்லை. ஆனால் டயரின் பக்கச் சுவர் கிழிந்தால் அது பிரயோஜனப்படாது. பள்ளத்தின் விளிம்பில் மோதி ரிம் வளைந்தால் பிரயோஜனப்படாது. அலாய் சக்கரம் விரிசல் கண்டால் பிரயோஜனப்படாது. டயர் வெடித்தால் பேச்சே வேண்டாம். குப்பியில் உள்ள மருந்துக்கும் ஆயுள் உண்டு. சில வருஷங்கள் கழித்து அது கெட்டுவிடும். அதை ஊற்றி அடைத்த டயரிலும் நெடுந்தூரம் போகக்கூடாது, வேகமாகவும் போகக்கூடாது என்று கம்பெனிகளே எச்சரிக்கின்றன.

ஆகவே விவாதத்தின் முடிவு, டயர் எப்படிப் பழுதாகிறது என்பதைப் பொறுத்தது. அதுவோ சாலை எப்படி இருக்கிறது என்பதைப் பொறுத்தது. வழவழப்பான நெடுஞ்சாலையில் டயருக்கு நேரும் ஆபத்து பெரும்பாலும் ஆணியும் கண்ணாடிச் சில்லும்தான். மேடும் பள்ளமும் உடைந்த ஓரமும் உள்ள சாலையில் டயருக்கு வரும் ஆபத்து அடியும் வெட்டும். முன்னதற்குக் குப்பி மருந்து போதும். பின்னதற்குச் சக்கரத்தைத் தவிர வேறு மருந்து கிடையாது. இதில் இன்னொரு விசித்திரமும் இருக்கிறது. அழகுக்காக இப்போது பெரிய வளையமும் ஒட்டிய டயருமாகக் கார்கள் வருகின்றன. டயரின் பக்கச் சுவர் குட்டையாகக் குட்டையாக, பள்ளத்தில் விழும்போது அடியைத் தாங்கும் சக்தி குறைகிறது. அதாவது, எந்தக் காருக்கு ஸ்டெப்னி அதிகமாகத் தேவையோ, அந்தக் காரிலேதான் பெரும்பாலும் ஸ்டெப்னியைக் காணோம்!

இனி நம் பிரதேசத்தைப் பார்ப்போம். ஏரல் தாமிரபரணிக் கரையில் உள்ள வியாபார ஸ்தலம். சுற்றுப்பட்ட கிராமங்களின் வாழையும் வெற்றிலையும் நெல்லும் இதன் வழியாகப் போகின்றன. ஆடி அமாவாசைக்கும் தை அமாவாசைக்கும் சேர்மன் அருணாசல சுவாமி கோயிலுக்கு வெளியூர்க் கார்கள் நூற்றுக்கணக்கில் வருகின்றன. திருச்செந்தூர் போகிறவர்கள் தினந்தோறும் வருகிறார்கள். தூத்துக்குடித் துறைமுகத்துக்கும் உப்பளங்களுக்கும் போய்வரும் கனரக லாரிகள் மாவட்டத்துச் சாலைகளை ஓய்வின்றி அழுத்துகின்றன. இங்கே இரவில் சாயர்புரம் வழியாகத் தூத்துக்குடி போகிறவரோ, குரும்பூர், நாசரேத் பக்கம் திரும்புகிறவரோ, ஊருக்கும் ஊருக்கும் நடுவில் வாழைத் தோட்டத்தையும் வயலையும் தவிர வேறொன்றையும் காணமாட்டார். பகலில் பஞ்சர் கடைக்குக் குறைவில்லை. இரவு பத்து மணிக்கு மேல் அந்தக் கடைகளின் கதவைத் தட்டிப் பார்த்தவர்களுக்கு நிலைமை தெரியும்.

சாலை எப்படி ஒரே இரவில் சாலையல்லாமல் போகும் என்பதை 2023-ம் வருஷம் டிசம்பர் மாதம் இந்தப் பிரதேசம் கண்கூடாகக் கண்டது. அந்த மாதம் 17, 18 தேதிகளில் பெய்த மழையில், காயல்பட்டினத்தில் மட்டும் இருபத்துநான்கு மணி நேரத்தில் சுமார் 95 சென்டிமீட்டர் பதிவாயிற்று. தாமிரபரணி கரை புரண்டது. திருச்செந்தூரிலிருந்து சென்னை புறப்பட்ட ரயில், சுமார் எண்ணூறு பிரயாணிகளோடு ஸ்ரீவைகுண்டம் ஸ்டேஷனிலேயே நின்றுவிட்டது. ஏரலில் கடைவீதி வெள்ளத்தில் மூழ்கிற்று. ஆற்றுப் பாலத்தை அடையும் சாலை அறுபட்டது. ஊர்களுக்கு இடையே போக்குவரத்து துண்டித்துப்போய், ஜனங்கள் உணவுக்கும் மருந்துக்கும் தவித்த நாட்கள் அவை. வெள்ளம் வடிந்த பிறகு தெரிந்த சாலை முன் இருந்த சாலையல்ல. ஜல்லி பெயர்ந்து, தார் உரிந்து, ஓரம் இடிந்து கிடந்த அந்தப் பாதைகளில் வெளிப்பட்ட கூரிய கற்களுக்கு டயரின் மேல் தயை கிடையாது. நிவாரணச் சாமான் ஏற்றிக்கொண்டும், நோயாளியைத் தூக்கி வைத்துக்கொண்டும் அப்படிப்பட்ட பாதையில் போகும் கார் நடுவழியில் நின்றால், குப்பி மருந்தை வைத்துக்கொண்டு என்ன செய்ய முடியும்? வெள்ளம் வருஷந்தோறும் வருவதில்லை என்பது உண்மை. ஸ்டெப்னியும் வருஷந்தோறும் தேவைப்படுவதில்லை. தேவைப்படும் ஒரு நாளுக்காகத்தான் அதை முந்நூற்று அறுபத்துநான்கு நாள் சுமக்கிறோம்.

“டெலிபோன் இருக்கிறதே! ஒரு போன் செய்தால் கம்பெனியின் ஆள் வந்து வண்டியை இழுத்துக்கொண்டு போவானே!” என்று நவநாகரிகர்கள் கேட்பார்கள். சென்னையிலும் கோயம்புத்தூரிலும் இது சரியான பதிலாக இருக்கலாம். உதவி என்பது தூரத்தையும் நேரத்தையும் பொறுத்தது. பட்டணத்தில் அரை மணியில் வரும் ஆள், தேரிக்காட்டு ஓரத்துக்கு எத்தனை மணியில் வருவான்? தகவல் அனுப்பும் கோபுரமும் மின்சாரமும் வெள்ளக் காலத்தில் முதலில் நின்றுபோகின்றவை அல்லவா? மேலும், அப்படிப்பட்ட உதவிக்குத் தனிச் சந்தா உண்டு. இன்ஷியூரன்ஸோடு சேர்த்து வாங்கினால் தனிப் பிரீமியம் உண்டு. முன்பு காரின் விலையிலேயே அடங்கியிருந்த பாதுகாப்பு, இப்போது வருஷா வருஷம் பணம் கட்டி வாங்கவேண்டிய சரக்காக மாறியிருக்கிறது. சக்கரத்தை எடுத்துக்கொண்டதற்காகக் காரின் விலையில் எவ்வளவு குறைத்தார்கள் என்று வாங்குபவர் கேட்டுப் பார்க்கட்டும். பதில் எளிதில் கிடைக்காது.

இது நம் தேசத்து ஜனங்களின் பழமைப் பிடிவாதம் என்று யாரும் ஒதுக்கிவிட வேண்டாம். சாலை வசதியில் முதல் வரிசையில் நிற்கும் அமெரிக்காவிலேயே இந்த விவாதம் நடந்தது. 2015-ம் வருஷத்து மாடல் கார்களில் மூன்றில் ஒரு பங்குக்கு மேற்பட்டவை ஸ்டெப்னி இல்லாமல் விற்கப்படுவதை அங்குள்ள ஏ.ஏ.ஏ. என்ற மோட்டாரிஸ்டுகள் சங்கம் எடுத்துக் காட்டி, வாங்குபவரின் நலனை முன்னிட்டு இந்த வழக்கத்தை நிறுத்தும்படி கார்க் கம்பெனிகளைக் கேட்டுக்கொண்டது. பஞ்சர் அடைக்கும் சாமானைப் பரிசோதித்துவிட்டு, அது எல்லா நிலைமைக்கும் ஸ்டெப்னியின் ஸ்தானத்தை வகிக்காது என்றும் அச்சங்கம் கூறிற்று. அங்கே, அந்தச் சாலைகளில், இந்த அபிப்பிராயம் என்றால், இங்கே நாம் என்ன சொல்வது?

இன்னோர் ஆக்ஷேபணையும் உண்டு. “மோட்டார் சைக்கிள்காரன் ஸ்டெப்னி இல்லாமல்தானே போகிறான்? ஏரலில் காரைவிட அதுதானே அதிகம்?” என்கிறார்கள். உண்மைதான். ஆனால் மோட்டார் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு அடுத்த ஊருக்குப் போகலாம். வழியில் வரும் குட்டி யானையில் ஏற்றிவிடலாம். ஒரு டன்னுக்கு மேற்பட்ட காரை யார் தள்ளுவது? அதைத் தவிர, காரில் பிரயாணம் செய்வது பெரும்பாலும் ஒருவர் அல்ல, ஒரு குடும்பம். கர்ப்பிணியையும் கைக்குழந்தையையும் முதியவரையும் உத்தேசித்துத்தான் ஜனங்கள் கார் வாங்குகிறார்கள், வாடகைக்கும் அமர்த்துகிறார்கள். நடு இரவில் மாரடைப்பு என்று தூத்துக்குடி சர்க்கார் ஆஸ்பத்திரிக்கோ பாளையங்கோட்டைக்கோ புறப்படும் காரில், நான்கு சக்கரத்தில் ஒன்று கிழிந்து நின்றால், அங்கே இழப்பது நேரம் மட்டுமல்ல. வாடகைக் கார் ஓட்டிப் பிழைப்பவருக்கோ, வழியில் நின்ற ஓர் இரவு என்பது ஒரு நாள் கூலியும் ஒரு வாடிக்கையும்.

இரவில் ரோட்டோரத்தில் உட்கார்ந்து சக்கரம் மாற்றுவதே ஆபத்து, பின்னால் வரும் லாரி மோதிவிடும் என்று சிலர் சொல்கிறார்கள். இது கனமான வாதம். நாம் இதை அலட்சியம் செய்யவில்லை. நெடுஞ்சாலையின் நடுவில் நின்று சக்கரம் மாற்றுவது மதியீனம். கொஞ்சதூரம் மெதுவாக நகர்த்தி, ரோட்டைவிட்டு இறக்கி, எச்சரிக்கை முக்கோணத்தை வண்டிக்குப் பின்னால் தூரத்தில் வைத்து, விளக்கை எரியவிட்ட பிறகே ஜாக்கியைத் தொடவேண்டும். ஆனால் ஸ்டெப்னி இல்லாத காரில் இருப்பவர் அதே ரோட்டோரத்தில், அதே இருளில், ஒரு மணி நேரத்துக்குப் பதிலாக நான்கு மணி நேரம் காத்திருக்கிறாரே, அவருக்கு லாரியால் ஆபத்து இல்லையா? நிற்கும் நேரம் குறையக் குறைய ஆபத்தும் குறைகிறது என்பதே நேர்மையான கணக்கு.

கம்பெனியையும் சர்க்காரையும் குறை கூறிவிட்டு, வண்டிக்காரரின் கடமையை நாம் சொல்லாமல் விட்டால் அது ஒருதலைப்பட்சமாகும். ஸ்டெப்னி வைத்திருப்பவர்களில் எத்தனை பேர் அதன் முகத்தைப் பார்க்கிறார்கள்? பின்பெட்டியின் அடியில், கோணியும் செருப்பும் தண்ணீர்க் கானும் மேலே கிடக்க, காற்றில்லாமல் வருஷக்கணக்கில் புதைந்து கிடக்கும் சக்கரம், அவசரத்தில் இன்னொரு பஞ்சரான சக்கரமாகவே வெளிவரும். காற்றில்லாத ஸ்டெப்னி, ஸ்டெப்னி இல்லாததைவிட மோசம். நம்பிக்கையைக் கொடுத்துக் கழுத்தை அறுக்கிறது. ஓடாத டயரும் வயதாகிறது என்பதைப் பலர் அறியார். டயரின் பக்கத்தில் பொறித்திருக்கும் நான்கு இலக்கங்களில் முதல் இரண்டும் அது தயாரான வாரத்தையும், பின் இரண்டும் வருஷத்தையும் குறிக்கும். பத்து வருஷத்துக்கு மேற்பட்ட டயர், பார்வைக்குப் புதிதாக இருந்தாலும், நம்பத் தக்கதல்ல. சில கார்களில் கொடுக்கும் சிறிய ஸ்டெப்னியில் மணிக்கு 80 கிலோமீட்டருக்கு மேல் போகக்கூடாது என்ற எச்சரிக்கை ஒட்டியிருக்கும். அது வழி சேர்ப்பதற்கு மட்டுமே, வாரக்கணக்கில் ஓட்டுவதற்கல்ல.

சட்டத்தின் நிலைமையையும் கவனிப்போம். 2019-ம் வருஷத்து நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், வாங்கும் பொருளின் தரம், அளவு முதலியவற்றைத் தெரிந்துகொள்ளும் உரிமையை வாங்குபவருக்கு அளித்திருக்கிறது. காரில் சக்கரம் நான்கா ஐந்தா என்பது, சிறிய எழுத்தில் அச்சிட்ட பட்டியலின் கடைசி வரியில் ஒளிந்திருக்கவேண்டிய விஷயமல்ல. விற்பனையாளர் வாயாலும் எழுத்தாலும் தெளிவாகச் சொல்லவேண்டிய விஷயம். அதே 2019-ம் வருஷத்தில் மோட்டார் வாகனச் சட்டத்தில் சேர்க்கப்பட்ட 198-ஏ பிரிவு, சாலையின் அமைப்பிலும் பராமரிப்பிலும் உரிய தரத்தைக் கடைப்பிடிக்காததால் மரணமோ ஊனமோ நேர்ந்தால், பொறுப்பான அதிகாரிக்கும் காண்டிராக்டருக்கும் ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதம் விதிக்க இடமளிக்கிறது. நல்ல பிரிவுதான். ஆனால் உயிரோ உறுப்போ போனால்தான் அது கண் திறக்கிறது. பள்ளத்தில் விழுந்து டயர் கிழிந்து, குடும்பத்தோடு இரவு முழுவதும் ரோட்டில் நின்றவனுக்கு அதில் இடமில்லை. சாலையைச் செம்மையாக வைக்கும் கடமையைச் சர்க்கார் முழுவதும் நிறைவேற்றவில்லை. சாலை கெட்டால் சமாளிக்கும் சாதனத்தைக் கொடுக்கும் கடமையிலிருந்து கம்பெனியைச் சர்க்காரே விடுவித்துவிட்டது. இரண்டுக்கும் நடுவில் நிற்பவன் பிரயாணி. இதுவே நமது புகாரின் சாராம்சம்.

இந்த விஷயம் நமக்கு வரவரச் சமீபமாகிக்கொண்டும் வருகிறது. வியட்நாம் தேசத்து வின்ஃபாஸ்ட் கம்பெனியின் மின்சாரக் கார்த் தொழிற்சாலை 2025-ம் வருஷம் ஆகஸ்டு மாதம் தூத்துக்குடியில் திறக்கப்பட்டது. முத்துக்கும் உப்புக்கும் பெயர் பெற்ற கரையில் மோட்டார்க் காரும் உற்பத்தியாவது நாம் பெருமைப்படத் தக்க விஷயம். நம் பிள்ளைகளுக்கு வேலை கிடைக்கும். மின்சாரக் கார் வேண்டாம் என்றோ, புதுமை வேண்டாம் என்றோ நாம் சொல்லவில்லை. எந்த மண்ணில் கார் உற்பத்தியாகிறதோ, அந்த மண்ணின் சாலையையும் மனத்தில் வைத்துக் கார் செய்யவேண்டும் என்றே சொல்கிறோம். பாட்டரிக்கு இடம் கண்டுபிடிக்கத் தெரிந்த என்ஜினியர்களுக்கு ஒரு சக்கரத்துக்கு இடம் கண்டுபிடிக்கத் தெரியாது என்பதை நம்ப முடியவில்லை. இரட்டைச் சிலிண்டர் வைத்த காஸ் கார்களில் ஸ்டெப்னியை வண்டியின் அடியில் தொங்கவிட்டு இடம் மிச்சம் பிடித்திருக்கிறார்களே! மனமிருந்தால் மார்க்கமுண்டு.

ஆகவே நாம் கோருவது இவை. ஸ்டெப்னி இல்லாமல் விற்கும் ஒவ்வொரு காருக்கும், ஸ்டெப்னியும் ஜாக்கியும் வீல் ஸ்பானரும் வேண்டும் என்பவர் வாங்கிக்கொள்ளும்படி, விலை குறிப்பிட்டு, வைக்க இடமும் அமைத்து, கம்பெனி கொடுக்கவேண்டும் என்று விதி திருத்தப்படவேண்டும். பட்டணத்திலேயே வாழ்ந்து பட்டணத்திலேயே ஓட்டுபவர் வேண்டாம் என்றால் அவர் இஷ்டம். ஏரல்காரருக்கு வேண்டுமென்றால் அது அவர் உரிமை. கார் வாங்கும்போது ஸ்டெப்னி உண்டா இல்லையா என்பதை எழுத்து மூலம் தெரிவித்துக் கையெழுத்து வாங்கவேண்டும். பெட்ரோல் பங்குகளில் காற்றடிக்கும் வசதி இலவசமாக இருக்கவேண்டும் என்ற ஏற்பாடு இருக்கிறது. அது பெயருக்கு இல்லாமல் வேலை செய்கிறதா என்று மாவட்ட அதிகாரிகள் பரிசீலிக்கவேண்டும். வெள்ளத்தால் கெட்ட சாலைகளும், லாரியால் கெட்ட சாலைகளும், ஒட்டுப் போடுவதோடு நிற்காமல் முறையாகச் செப்பனிடப்பட வேண்டும். நல்ல சாலையே ஜனங்களுக்குச் சர்க்கார் கொடுக்கக்கூடிய சிறந்த ஸ்டெப்னி.

வாசகர்களுக்கும் ஒரு வார்த்தை. புதுக் கார் பார்க்கப் போகும்போது, நிறத்தையும் திரையையும் பாட்டுப் பெட்டியையும் பார்ப்பதற்கு முன்னால், பின்பெட்டியின் பலகையைத் தூக்கிப் பாருங்கள். அங்கே சக்கரம் இல்லையென்றால் ஏன் இல்லை என்று கேளுங்கள். தனியே வாங்கி வைக்க முடியுமா என்று கேளுங்கள். இருக்கிறதென்றால் மாதம் ஒருமுறை அதற்கும் காற்றுப் பாருங்கள். வீட்டில் கார் ஓட்டத் தெரிந்த ஆணும் பெண்ணும், ஒரு ஞாயிற்றுக்கிழமைக் காலையில், நிழலில் நிறுத்தி, ஒருமுறை சக்கரத்தைக் கழற்றி மாட்டிப் பழகிக்கொள்ளட்டும். இரவிலும் மழையிலும் முதன்முதலாகக் கற்றுக்கொள்வதற்கு அது ஏற்ற வித்தையல்ல.

நான்கு சக்கரத்தில் ஓடுகிற வண்டிக்கு ஐந்தாவது எதற்கு என்று கேட்பவர்கள் கேட்கட்டும். சாலையை நன்றாக வைத்து, உதவியை அருகில் வைத்து, இரவிலும் வழியில் ஒருவரும் நிற்காதபடி செய்த பிறகு, அந்தக் கேள்வியைக் கேட்க அவர்களுக்கு உரிமை உண்டு. அதுவரையில் ஐந்தாவது சக்கரத்தை இறக்கி வைக்க நாம் சம்மதிக்க முடியாது.